நெயில் டெக்னீஷியன் கோர்ஸ்: ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி 'மூணு வாரம் கழிச்சு?'ன்னு கேளுங்க!

"நகம் வெட்டுறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? அதுக்கு நாப்பதாயிரமா?"

நெயில் டெக்னீஷியன் கோர்ஸில் சேர ஆசைப்படும் பெண்கள் முதலில் வீட்டில்தான் இந்த இன்டர்வியூவைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த பாட்டிகளுக்கு, காசு கொடுத்து நகத்தை நீட்டிக்கொள்கிறார்கள் என்பதே ஆச்சர்யம்தான். ஆனால், மருதாணியை அரைத்து விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டுவிட்டதும் அதே பாட்டிகள்தான். விரலை அழகுபடுத்துவது நமக்குப் புதிதில்லை. அது மாதச் சம்பளம் தரும் வேலையாகியிருப்பதுதான் புதிது.

கல்யாண மேக்கப் பேக்கேஜில் இப்போது நகமும் ஒரு ஐட்டம். அந்த வேலைக்கு ஆள் தேவை என்பதால், கற்றுத்தரும் அகாடமிகளும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. 'மூன்றே நாளில் நெயில் ஆர்ட்டிஸ்ட்', 'சர்வதேச சர்டிஃபிகேட்', 'கிட் இலவசம்' என்று ரீல்ஸில் வரிசையாக வருகின்றன. போன் போட்டால் அடுத்த முனையில் இருப்பவர், "மேம், இன்னைக்குள்ள புக் பண்ணீங்கன்னா மட்டும்தான் இந்த ஆஃபர்" என்பார். சில ஆயிரங்களில் தொடங்கும் ஃபீஸ், கோர்ஸைப் பொறுத்து லட்சத்தையும் தாண்டும். பல வீடுகளில் அந்தப் பணம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போவதால் வருவது. அதனால்தான் எந்த அகாடமி என்று முடிவு செய்வதற்கு ஆஃபர் முடியும் தேதியைவிட அதிக நேரம் தேவைப்படுகிறது.

அதே கை திரும்பி வருமா?

அகாடமியைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ கேள்விகள் கேட்கலாம். ஆனால், ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: "நான் நகம் போட்டுவிட்ட அதே கையை, மூணு வாரம் கழிச்சு கோர்ஸ் முடியறதுக்குள்ள மறுபடி பார்ப்பேனா?"

கை விரல் நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். எக்ஸ்டென்ஷன் போட்ட நகம் வளர வளர, அடியில் வெறும் நகம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் கஸ்டமர் திரும்பி வருவார். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் ரீஃபில். வேண்டாம் என்றால் பழையதைக் கழற்றிவிட வேண்டும், அது ரிமூவல். ஒரு நெயில் டெக்னீஷியனுக்கு நிரந்தர வருமானம் வருவதே இப்படித் திரும்பி வரும் கைகளால்தான். புதுக் கஸ்டமர் ரீல்ஸ் பார்த்து வரலாம். பழைய கஸ்டமர், போன தடவை போட்டது நின்றதா என்று பார்த்துத்தான் வருவார்.

இப்போது கணக்குப் போடுங்கள். மூன்று நாள் கோர்ஸில், முதல் நாள் நீங்கள் போட்ட நகம் மூன்றாம் நாள் எப்படி இருக்கும்? அப்படியே பளபளவென்றுதான் இருக்கும். தப்பாகப் போட்டிருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். தப்பு வெளியே தெரிய நாளாகும். க்யூட்டிக்கிள் பக்கம் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஜெல் வைத்திருந்தால், பத்து நாளில் ஓரம் தூக்கிக்கொள்ளும். இதை 'லிஃப்டிங்' என்பார்கள். தலை வாரும்போது முடி அதில் மாட்டும். அந்த இடுக்கில் ஈரம் தங்கினால் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். ஃபைல் போட்டு அதிகமாக ராவியிருந்தால், எக்ஸ்டென்ஷனைக் கழற்றிய பிறகுதான் அடியில் இருக்கும் நகம் காகிதம் மாதிரி ஆகியிருப்பது தெரியும். மனித நகத்தின் தடிமனே அரை மில்லிமீட்டர் அளவுதான். ராவுவதற்கு அங்கே அதிகமாக ஒன்றும் இல்லை.

தன் தவற்றைப் பார்க்கவே வாய்ப்பில்லாத கோர்ஸில் சேர்ந்தவர், அந்தப் பாடத்தை முதல் கஸ்டமரின் கையில்தான் படிப்பார். கஸ்டமர் அதற்கு மார்க் போடும் இடம் கூகுள் ரிவ்யூ!

அதற்காகக் குறுகிய காலக் கோர்ஸ்கள் எல்லாமே வீண் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஏற்கெனவே பார்லரில் மெனிக்யூர், ஜெல் பாலிஷ் செய்து கை பழகியவருக்கு, ஒரு புது டெக்னிக்கை மட்டும் கற்றுக்கொள்ள மூன்று நாள் போதும். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குபவருக்குத்தான் அது போதாது. சில அகாடமிகள் கோர்ஸை ஒரே மூச்சில் முடிக்காமல், இரண்டு வாரம் வகுப்பு, பிறகு இடைவெளி, பிறகு ரீஃபில் வகுப்பு என்று பிரித்து நடத்துகின்றன. இன்னும் சில இடங்களில், கோர்ஸ் முடிந்த பிறகும் அதே மாடலை அழைத்துவந்து டிரெய்னர் முன்னால் ரிமூவல் செய்து பார்க்க விடுகிறார்கள். அப்படி ஓர் இடம் உங்கள் ஊரில் இருந்தால், ஃபீஸ் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதன் பக்கம் சாயலாம்.

நாள் கணக்கு வேண்டாம், நிமிடக் கணக்கு போடுங்கள்

'ஐந்து நாள் கோர்ஸ்' என்பது பெரிதாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் 25 மணி நேரம், அதாவது 1,500 நிமிடங்கள். பேட்ச்சில் 10 பேர், டிரெய்னர் ஒருவர். பாதி நேரம் டெமோவுக்குப் போனால் மீதி 750 நிமிடங்கள். உங்கள் பங்குக்கு டிரெய்னரின் கவனம் கிடைப்பது 75 நிமிடங்கள். ஒரு சினிமாவின் இடைவேளை வரைக்கும்தான்!

அதனால், எத்தனை நாள் என்று கேட்காமல், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், டிரெய்னர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை நிஜக் கைகளில் வேலை செய்வார்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் பிராக்டீஸ் கையில் பழகுவது முதல் சில நாள்களுக்கு நல்லதுதான். ஆனால், பிளாஸ்டிக் கைக்கு வியர்க்காது, ஆடாது, 'எரியுது சிஸ்டர்' என்று சொல்லாது. மாடல்களை யார் ஏற்பாடு செய்வார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நாமேதான் கூட்டிவர வேண்டும் என்றால், அதற்கும் அத்தை மகள், பக்கத்து வீட்டு அக்கா என்று இப்போதே ஆள் பிடித்து வைக்க வேண்டுமே!

விளம்பரத்தில் முகம் காட்டுபவர்தான் வகுப்பு எடுப்பாரா என்பது இன்னொன்று. முகூர்த்த சீஸனில் பிரபல ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு மண்டபம் மண்டபமாக ஓடவே நேரம் சரியாக இருக்கும். வகுப்பில் நிற்கப்போவது யார், அவர் எத்தனை ஆண்டுகளாக சலூனில் கஸ்டமர்களுக்கு வேலை செய்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

சுவரில் தொங்கும் சர்டிஃபிகேட்

நம் ஊரில் நெயில் டெக்னீஷியனாக வேலை பார்ப்பதற்கென்று தனி லைசென்ஸ் தேர்வு கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் 400 மணி நேரம், நியூயார்க்கில் 250 மணி நேரம், டெக்சாஸில் 600 மணி நேரம் பயிற்சி பெற்று, தேர்வு எழுதிய பிறகுதான் மற்றவர் நகத்தைத் தொட முடியும். அங்கே இந்தத் தொழிலுக்கு ஒரு சுவாரஸ்யமான முன்கதையும் உண்டு. 1975-ல் வியட்நாம் போரிலிருந்து தப்பி கலிஃபோர்னியா முகாமில் தங்கியிருந்த பெண்கள், தங்களைப் பார்க்கவந்த நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களை ரசித்துப் பேசினார்கள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தின் நாயகி அவர். உடனே தன் மெனிக்யூரிஸ்ட்டையே வரவழைத்து 20 பெண்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அருகிலிருந்த பியூட்டி ஸ்கூலில் முறையாகப் பயிற்சி பெற்று, லைசென்ஸும் வாங்கினார்கள் அந்தப் பெண்கள். இன்று அமெரிக்க நெயில் சலூன் தொழிலில் வியட்நாமியர்களின் கை ஓங்கியிருப்பதற்கு அது ஒரு தொடக்கப்புள்ளி.

இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால், யாரும் அகாடமி தொடங்கலாம், யாரும் சர்டிஃபிகேட் அச்சடிக்கலாம். எனவே, அதில் இருக்கும் முத்திரைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 'எம்.எஸ்.எம்.இ பதிவு பெற்றது' என்றால், அது தொழில் நடத்தும் யாரும் ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளும் உத்யம் பதிவு. பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஐ.எஸ்.ஓ சர்டிஃபைடு' என்பது பெரும்பாலும் நிர்வாக நடைமுறைக்கான சான்று, உங்கள் திறமைக்கான சான்று இல்லை.

எடை உள்ள சர்டிஃபிகேட்டுகளும் இருக்கின்றன. அழகுக்கலைத் துறைக்கென பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் இருக்கிறது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி வரும் கோர்ஸ் என்றால், சர்டிஃபிகேட்டில் அதன் லெவல் குறிப்பிடப்பட்டிருக்கும். பயிற்சி தருபவரே மார்க் போடாமல், வெளியிலிருந்து வரும் அசெஸர் தேர்வு நடத்துவார். மையம் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் தேடிப் பார்க்கலாம். சிடெஸ்கோ போன்ற சர்வதேச அமைப்பின் பெயரைச் சொன்னால், அந்த அமைப்பின் இணையதளத்தில் அகாடமியின் பெயர் இருக்கிறதா, தேர்வுக் கட்டணம் தனியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலை கனவு என்றால், போகப்போகும் நாட்டில் இந்த சர்டிஃபிகேட் செல்லுமா என்பதை அந்த நாட்டின் விதியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'எல்லா நாட்லயும் செல்லும் மேம்' என்ற போன் வார்த்தையை நம்பி வளையலைக் கழற்றக் கூடாது.

கையில் பணமே இல்லை என்பவர்கள் தனியார் அகாடமியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. வங்கிகள் மாவட்டம்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில், பியூட்டி பார்லர் பயிற்சி சுமார் ஒரு மாதம் சாப்பாடு, தங்குமிடத்துடன் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ-களில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி பிரிவு உண்டு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் இலவசப் பயிற்சிகளை நடத்துகிறது. இவற்றில் எக்ஸ்டென்ஷன், நெயில் ஆர்ட் ஆழமாக வராமல் போகலாம். ஆனால், மெனிக்யூர், பெடிக்யூர், சுத்தம், கஸ்டமரிடம் பேசும் விதம் என அடித்தளம் கிடைத்துவிடும். பிறகு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் காசு செலவழித்தால் போதும்.

முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள்

போனில் பேசி முடிவெடுக்காமல் ஒரு முறை நேரில் போய்விடுவது நல்லது. அதுவும் 'டெமோ டே' அன்று இல்லாமல், சாதாரணமாக வகுப்பு நடக்கும் நாளில். உள்ளே நுழைந்ததும் செல்ஃபி வால், நியான் லைட் எல்லாம் கண்ணில் படும். அவற்றைத் தாண்டிக் குப்பைத் தொட்டியை எட்டிப் பாருங்கள். மரக்குச்சி, பஃபர் போன்றவை ஒருவருக்கு ஒரு முறைதான். பயன்படுத்தியவை தொட்டியில் கிடந்தால் நல்ல சகுனம். தொட்டி காலியாகவும் டிரேயில் பழைய பஃபர் கிடந்தும் இருந்தால், அங்கே என்ன பழக்கத்தைக் கற்றுத்தருகிறார்கள் என்பது புரிந்துவிடும். க்யூட்டிக்கிள் நிப்பர் போன்ற உலோகக் கருவிகளை சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் ஊறவைக்கிறார்களா அல்லது ஆட்டோகிளேவில் வைக்கிறார்களா என்று பாருங்கள். ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்னப் பெட்டியில் வைத்து எடுப்பது மட்டும் போதாது.

அடுத்தது வாசனை. அறைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால், அங்கே காற்றோட்டம் இல்லை. அக்ரிலிக் நெடியும் ஃபைல் செய்யும் தூசியும் கஸ்டமருக்கு இரண்டு மணி நேரம்தான், டெக்னீஷியனுக்கு நாள் முழுக்க. மாஸ்க், தூசி உறிஞ்சும் மெஷின், ஜன்னல்... மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும்.

அலர்ஜி விஷயத்தைப் பற்றி அகாடமிகள் தாமாகப் பேசுவது அபூர்வம். ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருக்கும் அக்ரிலேட் வகை ரசாயனங்கள், சரியாகக் காயாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். விரல் நுனி அரிக்கும், வெடிக்கும், சிலருக்குக் கண் இமை வீங்கும். ஒரு முறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். அதே குடும்பத்து ரசாயனங்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட்டிலும் இருப்பதால், பின்னாளில் அங்கேயும் சிக்கல் வரக்கூடும். கஸ்டமரைவிட தினமும் பத்து கைகளுக்கு வேலை செய்யும் டெக்னீஷியனுக்குத்தான் ஆபத்து அதிகம். இந்த வகையில் அதிகம் பேசப்படும் 'ஹீமா' என்ற ரசாயனம் உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜெல்லைக் காய வைக்க உதவும் 'டி.பி.ஓ' என்ற வேறொரு பொருளுக்கு, இனப்பெருக்க நலன் குறித்த கவலையால் 2025 செப்டம்பரிலிருந்து அங்கே தடையே வந்துவிட்டது.

பயந்துபோய்ப் பின்வாங்கவா? தேவையில்லை. தோலில் படாமல் ஜெல் வைப்பது, அந்த ஜெல்லுக்கு அதன் கம்பெனி சொன்ன லேம்ப்பில் சொன்ன நேரம் காய வைப்பது, நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்றுவது என்று சரியான பழக்கங்கள் முதல் நாளிலிருந்தே வந்துவிட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம். டிரெய்னரிடம், "சிஸ்டர், அலர்ஜி பத்தி எந்த நாள் க்ளாஸ்ல வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம பிராண்டுல அதெல்லாம் வராதுங்க" என்று பதில் வந்தால், தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இலவச கிட் கொடுக்கிறார்களா? அதில் என்னென்ன பொருள், என்ன பிராண்டு, எத்தனை மில்லி என்று பட்டியல் வாங்குங்கள். பாட்டிலில் பேட்ச் நம்பர், காலாவதி தேதி, தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், பதிவுச் சான்று எண் இருக்க வேண்டும். சீன எழுத்து மட்டும் உள்ள பாட்டில்கள் எத்தனை அழகான நிறத்தில் இருந்தாலும், அலர்ஜி வரும்போது உள்ளே என்ன இருந்தது என்று டாக்டரிடம் சொல்ல முடியாது.

கற்றுத்தருபவர்களில் யார் நல்லவர் என்பதற்கு இன்னோர் அடையாளம், எந்தக் கஸ்டமரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லித் தருகிறாரா என்பது. நகம் மஞ்சளாகித் தடித்திருந்தால் அதை ஜெல் போட்டு மூடாமல், தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெடிக்யூருக்கு உட்காருபவரிடம், "அம்மா, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் காலைத் தொட வேண்டும். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பிளேடு பட்டாலும் தெரியாது, வென்னீர் சுட்டாலும் தெரியாது. ஒரு சின்னக் கீறல் விரலையே எடுக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

பணம் கொடுக்கும் நேரம்

மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். ஃபீஸில் ஜி.எஸ்.டி சேர்ந்திருக்கிறதா, கிட்டுக்கும் தேர்வுக்கும் தனிக் கட்டணமா என்று கேட்டு, அகாடமி பெயரில் ரசீது வாங்குங்கள். யாரோ ஒருவரின் தனிப்பட்ட யு.பி.ஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் உஷார். 'ஜீரோ காஸ்ட் இ.எம்.ஐ' என்று கையெழுத்து வாங்கினால், கடன் தருவது பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனம். அகாடமி நாளைக்கே ஷட்டரை இறக்கினாலும் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும்.

'100 சதவிகித வேலை உத்தரவாதம்' என்றால், போன பேட்ச்சில் யார் யாருக்கு எந்த சலூனில் வேலை கிடைத்தது என்று கேட்டு, முடிந்தால் அவர்களில் இருவரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். 'சம்பளம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காமல், 'முதல் ரீஃபில் கஸ்டமர் வந்தப்ப தைரியமா செஞ்சீங்களாக்கா?' என்றும் கேளுங்கள். பேசவே நம்பர் தர மறுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்று ஆகிவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்கும் ரசீதும், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும்தான் கை கொடுக்கும். ரீல்ஸ் நாளைக்கே டெலீட் ஆகலாம், அதனால் சேரும் நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் நடக்கும்போதே விரல் நுனி விடாமல் அரித்தால், பிராக்டீஸை நிறுத்திவிட்டு, தோல் டாக்டரிடம் போய் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும். அக்ரிலேட் ஒத்துக்கொள்ளாது என்று உறுதியானால், ஜெல் இல்லாத சாதாரண மெனிக்யூர், பெடிக்யூர் பக்கம் மாறிக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்டென்ஷனுக்குக் கட்டிய ஃபீஸ்? அப்படி ஒரு நிலை வந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை, அட்வான்ஸ் கட்டும் அன்றைக்கே ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.